யாரும் எறியாத கல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபமும் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. மலேசியாவின் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து, அதில் பாதி லைன் லீடராக இருந்தவளுக்கு வாய் இல்லாமல் பிழைப்பு ஓடுமா? கூச்சப்பட வேண்டிய சங்கதி வேறு. அதை இன்றுவரை என் புருஷனிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

நாங்கள் இருப்பது ஒரு முட்டுச்சந்து. வரிசை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. வெளியே போக ஒரே வழி. பக்கத்து வீட்டு கேட்டைத் தாண்டாமல் நாங்கள் எங்கேயும் போக முடியாது. அந்த வீட்டில் இருப்பது ஒரு மலாய்க் குடும்பம். கணவனும் மனைவியும், அவர்களோடு ஏழு வயதுப் பேத்தியும். பேத்தியின் அம்மா அப்பா இரண்டு பேருக்கும் சிங்கப்பூரில் வேலை, விடுமுறைக்குத்தான் வருவார்கள். வீட்டுக்காரரை நான் அபாங் என்று கூப்பிடுவேன். மலாயில் அண்ணன். அவர் என்னை அக்கா என்பார். வயதில் அவர்தான் பத்து வருடம் பெரியவர், ஆனால் அதை நாங்கள் யாரும் சரிபார்த்துக்கொண்டதில்லை.

ஓய்வு பெறும்வரை அபாங் எங்கள் தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டினார். பஸ் முழுக்கத் தமிழ்ப் பெண்கள். பதினெட்டு வருடம் எங்கள் வம்பையும் அழுகையையும் கேட்டுக்கொண்டே ஓட்டியதில் மனுஷனுக்குத் தமிழ் வந்துவிட்டது. புத்தகத் தமிழ் இல்லை, எங்கள் தமிழ். நான் மூச்சிரைக்க ஓடிவந்து ஏறினால் கண்ணாடியில் பார்த்து, "என்னா அக்கா, சாமி கும்பிட்டு லேட்டா?" என்பார். பஸ்ஸே சிரிக்கும். எனக்காக அவர் சந்து முனையில் காத்து நின்ற நாட்களுக்குக் கணக்கில்லை.

நாய்க்குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது, மூன்று மாதத்தில் இரண்டு முறை எவனோ எங்கள் கேட் பூட்டை உடைத்த பிறகு. பண்டார் தெங்காராவில் என் புருஷனின் சித்தப்பா மகன் வீடு. சுற்றிலும் செம்பனைத் தோட்டம். அங்கே பிறந்த ஐந்து குட்டிகளில் ஒன்றை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பழுப்பு நிறம், வாய் மட்டும் கறுப்பு, வயது ஐந்து மாதம். தூக்கி வருவதற்கு முன்னாலேயே என் புருஷன் அபாங்கிடம் போய்க் கேட்டுவிட்டார். முறை என்று ஒன்று இருக்கிறது இல்லையா. அபாங் சிரித்தார். "உங்க வீடு, உங்க நாய். சொவரு இருக்குதானே, என்கிட்ட எதுக்கு கேக்குறீங்க?"

காவலுக்கு வந்த நாயின் லட்சணத்தைக் கேளுங்கள். குப்பைத் தொட்டியைப் பார்த்துப் பயம். சாக்கடை மூடியை மிதிக்கப் பயம். மோட்டார் சைக்கிள் வந்தால் ரோட்டிலேயே மூத்திரம் போய்விடும். என் புருஷன் தலையில் அடித்துக்கொண்டார். "நாய் கொடுன்னா கோழிய கொடுத்துட்டான்டி என் தம்பி."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தினமும் மாலை ஆறு மணிக்குக் கயிற்றைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். கோழி ஈரலை வேகவைத்துச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி டப்பாவில் எடுத்துக்கொள்வேன். முதல் நாள் கேட்டுக்கு வெளியே நாலு அடி, அவ்வளவுதான். குப்பைத் தொட்டிக்குத் தூரத்தில் நின்று ஒரு துண்டு, மறுநாள் இன்னும் ஓரடி கிட்டே போய் ஒரு துண்டு. பயம் இருக்கும்போது அது ஈரலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வாங்கித் தின்றால் பயம் குறைகிறது என்று அர்த்தம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு மாதத்தில் சாக்கடை மூடி மேல் ஏறி நின்று வாலாட்டியது. தொழிற்சாலை பஸ் பக்கத்தில் போனாலும் காதை மட்டும் அசைத்தது. சந்து முனையில் டயர் கடை வைத்திருக்கும் சீன அங்கிளைக் கண்டால் ஓடிப்போய்ச் செருப்பை முகரும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்றே ஒன்றுதான் சரிவரவில்லை. மலாய்க்காரர்களைக் கண்டால் குட்டி நடுங்கியது. வாலைக் காலுக்கிடையில் செருகிக்கொண்டு என் பின்னால் ஒளியும். பிறகு அங்கிருந்தே குரைக்கும். பயந்து குரைக்கிற குரைப்பு, கீச்சுக் குரலில். தலையில் தூடோங் கட்டிய பெண், சொங்கோக் தொப்பி வைத்த பெரியவர், பள்ளிவாசலுக்கு நடந்து போகிறவர், யாராக இருந்தாலும் அப்படித்தான். தமிழர் வந்தால் ஒன்றுமில்லை, சீனர் வந்தால் ஒன்றுமில்லை. ஐயோ அலமாக், எங்கே கொண்டுபோய் முகத்தை வைத்துக்கொள்வது? பத்து வீட்டுச் சந்தில் ஆறு மலாய் வீடு.

இத்தனைக்கும் நான் மரியாதை தெரிந்தவள். தூரத்தில் தூடோங்கோ சொங்கோக்கோ தெரிந்தாலே போதும், கயிற்றை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொள்வேன். குட்டியைத் தொடையோடு ஒட்ட இழுத்துக்கொண்டு சாக்கடை ஓரமாக ஒதுங்கி, "சாரி, சாரி" என்பேன். நாயின் ஈர மூக்கு பட்டுவிட்டால் அவர்கள் மார்க்கப்படி மண் கலந்த தண்ணீரில் தொடங்கி ஏழு முறை கழுவ வேண்டும். அந்தச் சங்கடத்தை நம்மால் ஏன் கொடுக்க வேண்டும்? இந்த ஊரில் நாய் வைத்திருக்கும் எல்லோரும் செய்வதுதான். நான் கொஞ்சம் கூடவே செய்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு சாயங்காலம் அபாங்கின் மனைவி, ஒரு தட்டு பலகாரத்தோடு எங்கள் கேட்டுக்கு வந்தார். அவரை நான் காக் என்பேன், மலாயில் அக்கா. குட்டி போர்ச்சில் கட்டாமல் இருந்தது. அவரைப் பார்த்ததும் குரைத்துக்கொண்டு கேட் கம்பிவரை பாய்ந்துவிட்டது. காக் பதறி இரண்டடி பின்னால் போனார். தட்டு சாய்ந்து, இலையில் மடித்த பலகாரமெல்லாம் ரோட்டில் உருண்டது. "தாக் அப்பா, தாக் அப்பா, பரவாயில்லை," என்று அவரே குனிந்து பொறுக்கினார். எனக்கு மானம் போய்விட்டது. காலில் கிடந்த செருப்பைக் கழற்றிக் குட்டியை அடித்தேன். ஒரு அடி இல்லை, நாலு அடி. அது கத்தவில்லை. துணி துவைக்கும் மிஷினுக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டது. காக் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பலகாரத் தட்டோடு திரும்பிப் போய்விட்டார்.

அன்று இரவு என் புருஷன் துறைமுக ஷிப்ட் முடிந்து வந்ததும் சொன்னேன். செருப்பைச் சொல்லவில்லை, பலகாரத்தைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "பதினோரு வருஷமா ஒரு சொல்லு வந்ததில்ல அந்த வீட்டோட. இந்தா பாரு, நோன்புப் பெருநாளு வரைக்கும்தான். ராயாவுக்கு அவங்க வீட்டுக்கு ஐம்பது பேரு வருவாங்க. அப்பவும் இது இப்படியே கத்துச்சுன்னா பெக்கோக்குல என் கூட்டாளிகிட்ட விட்டுருவேன். தோட்டத்துல கட்டிப்போட ஆளு கேட்டுக்கிட்டு இருக்கான்." கட்டிப்போட என்றால் எனக்குத் தெரியும். செம்பனை மரத்தில் சங்கிலி, ஒரு தகரத் தட்டு, மழையோ வெயிலோ அங்கேயேதான். குட்டி அந்த நேரம் என் கால் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது, அடிக்க நான் செருப்பைக் கழற்றிய அதே கால்.

மறுநாள் பஸ் காலத்துத் தோழி ஒருத்தி போன் செய்தாள். போர்ச்சில் நின்றுதான் பேசினேன். நான் பேசினால் சந்துக்கே கேட்கும். "ஏன்டி உன் நாயி ஆளப் பாத்து ஆளப் பாத்து கொரைக்குதாமே?" என்றாள். ஊரே சிரிக்கிறது போலிருக்கிறது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அதுக்கு என்னாடி தெரியும், வாயில்லா ஜீவன். குட்டியா இருக்கறப்ப மலாய்க்காரப் பசங்க யாரோ கல்லால அடிச்சிருக்கானுங்க. அதான் அவங்களக் கண்டா நடுங்குது," என்றேன்.

அப்படி யாரும் சொன்னதில்லை. பண்டார் தெங்காராவில் அந்த வீட்டைச் சுற்றி மலாய் வீடே கிடையாது. அந்தக் குட்டியை இந்த உலகத்தில் ஒருவர் அடித்திருக்கிறார் என்றால் அது நான்தான், அதுவும் முந்தின நாள். இருந்தும் வாயைத் திறந்ததும் கல்லும் வந்தது, பையன்களும் வந்தார்கள். பொய் சொல்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. காரணம் என்று ஒன்று வேண்டியிருந்தது, கைக்குக் கிட்டே கிடந்ததை எடுத்துக்கொண்டேன். ஏன் அது அத்தனை கிட்டே கிடந்தது என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் மூடும் சத்தம். அபாங் தன் மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். தமிழ் தெரிந்த அபாங்.

இரண்டு நாள் கழித்து அவர் கேட்டுக்கு வந்தார். நான் வசவுக்குத் தயாராக நின்றேன். சண்டைக்கு வந்தால் எனக்குப் பதில் தெரியும். அவரோ குட்டியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினார்.

"அக்கா, நீங்க போன்ல பேசுனது கேட்டுச்சு. பாவம் இது. சின்ன உயிரு. யாரு அடிச்சா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். 'இல்ல அபாங், சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னேன்' என்றால் முடிந்தது. எட்டு வார்த்தைகூட ஆகாது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியல அபாங். யாரோ பசங்க."

அவர் தலையை ஆட்டினார். "எங்க ஆளு அடிச்சுப் பயந்துச்சுன்னா, எங்க ஆளுதான் அந்தப் பயத்த எடுக்கணும். நான் தொட முடியாது, அது உங்களுக்குத் தெரியும். ஆனா நிக்க முடியும்லா. நீங்க சாயங்காலம் நடக்குறப்ப நான் கேட்டுல நிக்கிறேன். அது என்னைப் பாத்துப் பழகட்டும்."

நோன்பு மாதம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. மாலை ஆறு மணி என்பது நோன்பு திறக்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் நேரம். தொண்டை வறண்டு, உடம்பு துவண்டு, படுத்துக் கிடக்க வேண்டிய நேரம். அந்த நேரத்தில் அறுபது தாண்டிய மனுஷன் தினமும் தன் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். குட்டி முகத்தைப் பார்க்காமல், ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு. முதல் நாள் சொங்கோக் வைத்திருந்தார். குட்டி குரைத்ததும் மறுநாள் கழற்றிவிட்டு வந்தார். வழுக்கைத் தலை. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

நான் ஈரல் டப்பாவோடு பத்தடி தூரத்தில் நிற்பேன். குட்டி ஈரலை வாங்காது. நடுங்கும், குரைக்கும். பத்து நாள் ஆகியும் பத்தடி ஒன்பதாகவில்லை. "சாபார் லா அக்கா, பொறுமை," என்பார் அபாங். உதடு வெடித்திருக்கும் அவருக்கு.

பன்னிரண்டாம் நாளோ என்னவோ, எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. என் புருஷன் முனகிக்கொண்டே கயிற்றை எடுத்துப் போனார். அதுவரை ஒருநாள்கூட அவர் குட்டியை நடத்திப் போனதில்லை. அரை மணி கழித்துத் திரும்பி வந்து கட்டில் பக்கத்தில் நின்றார்.

"என்னாடி பெரிய கூத்துன்னு சொன்ன? நல்லாத்தானே நடக்குது."

"அபாங் நின்னாரா?"

"நின்னாரு. அவரு கால்கிட்டயே போய் மோந்து பாத்துட்டு வாலாட்டிக்கிட்டு போச்சு. அவருதான் ஒரு அடி தள்ளி நின்னுக்கிட்டாரு. மனுஷனுக்கு ஒரே சந்தோஷம்."

"நீங்க என்னா செஞ்சீங்க?"

"நான் என்னா செய்யிறது? கயித்த லூசா விட்டுட்டுப் போன்ல வீடியோ பாத்துக்கிட்டு போனேன்."

சந்தோஷப்பட வேண்டியவள், போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். மூன்று நாள் கழித்துக் காய்ச்சல் விட்டதும் நானே கூட்டிப்போனேன். இந்த முறை குட்டியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தேன். அபாங் கேட்டைத் திறந்துகூட முடிக்கவில்லை, அதற்குள் கயிறு என் கையில் இரண்டு சுற்று ஏறியிருந்தது. நான் சுற்றியது எனக்கே தெரியவில்லை. மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தேன். குட்டியின் கழுத்துப் பட்டை இறுகி, அது என்னை அண்ணாந்து பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது. பிறகு நடுங்க ஆரம்பித்தது.

அதற்கு யாரைப் பார்த்தும் பயமில்லை. எனக்குத்தான். கழுத்து இறுகும்போதெல்லாம் எதிரே ஒரு தூடோங்கோ சொங்கோக்கோ இருந்தது. அவர்கள் வந்தால் ஆபத்து என்று நான்தான் தினமும் மாலை ஆறு மணிக்கு, ஈரல் கொடுத்து, பாடம் எடுத்திருக்கிறேன். மரியாதை என்றுதான் நினைத்தேன். மரியாதை இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அதற்குக் கீழே வேறு ஏதோவும் இருந்தது. என்னைப் பதினெட்டு வருடம் பத்திரமாக ஏற்றி இறக்கிய மனுஷன் தன் வீட்டு வாசலில் நிற்கிறார், என் கை எதற்கு இறுக வேண்டும்? எனக்கு அருவருப்பாக இருந்தது, என் மேல்தான்.

கயிற்றை அவிழ்ப்பது லேசாக இல்லை. புத்தி சொன்னால் கை கேட்க வேண்டாமா? கடைசியில் கயிற்றின் நுனி வளையத்தைச் சுண்டு விரலில் மட்டும் மாட்டிக்கொண்டேன். சுண்டு விரலால் யாரையும் இழுக்க முடியாது. வாய்க்குள் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டு நடந்தேன், பாடும்போது மூச்சைப் பிடிக்க முடியாதே. இரண்டாம் நாள் குட்டி பத்தடியில் ஈரலை வாங்கித் தின்றது. நாலாம் நாள் அபாங் வீட்டு கேட்டைத் தாண்டி, அவரை ஒரு முறை பார்த்துவிட்டு, சாவகாசமாகச் சந்து முனைக்கு நடந்தது. ரோட்டில் காக் எதிரே வந்தபோது உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டது.

"அக்கா! பயம் போச்சு பாருங்க!" என்று அபாங் சின்னப்பிள்ளை போலக் கத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தான் நின்றதால் போனது என்று நினைத்தார். "நீங்க நின்னதுதான் அபாங்," என்றேன் நான். அதையும் சொன்னேன்.

குட்டி பெக்கோக்குக்குப் போகவில்லை. அதற்காகத்தானே எல்லாம் என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை அவர் வீட்டு கேட் வரை போனேன். ஒரு முறை முறுக்குத் தட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். இன்னொரு முறை மிளகாய்ச் செடிக்கு என்ன உரம் என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

ராயா அன்று அபாங் வீட்டில் ஓப்பன் ஹவுஸ், யார் வந்தாலும் விருந்து. சந்து முழுக்கக் கார். குட்டி எங்கள் போர்ச்சில் படுத்துக்கொண்டு வருகிறவர்களையெல்லாம் வேடிக்கை பார்த்தது, ஒரு குரைப்பு இல்லை. நானும் என் புருஷனும் புது உடுப்போடு போனோம். மாட்டிறைச்சி சாப்பிடமாட்டோம் என்று எங்களுக்குத் தனியாகக் கோழி ரெண்டாங் செய்து மூடி வைத்திருந்தார் காக். நான் தட்டோடு உட்கார்ந்தேன். சுற்றிலும் அவர்கள் சொந்தக்காரர்கள், கிராமத்திலிருந்து வந்தவர்கள், நிறையப் பிள்ளைகள்.

யாரோ ஒருவர் பக்கத்து வீட்டு நாய் சாதுவாக இருக்கிறதே என்று மலாயில் சொன்னார். அபாங் அதற்காகவே காத்திருந்தவர் போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிள்ளைகளையெல்லாம் கிட்டே கூப்பிட்டார். "அந்த நாயைச் சின்னதில் நம்ம பையன்கள் யாரோ கல்லால் அடித்திருக்கிறார்கள். நம்மைக் கண்டாலே நடுங்கும். தொடக்கூடாதுதான், ஆனால் அடிக்கச் சொல்லி யார் சொன்னது? அதுவும் கடவுள் படைத்த உயிர். இனிமேல் நீங்கள் யாராவது கல்லைத் தூக்கினீர்கள் என்று கேள்விப்பட்டேன், அவ்வளவுதான்." பிள்ளைகள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அபாங்கும் பார்த்தார். "இல்லையா அக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

ராயாவில் சின்னவர்கள் பெரியவர்களின் கையைப் பற்றி நெற்றியில் வைத்து, தெரிந்தும் தெரியாமலும் செய்த தவறுகளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பது அவர்கள் வழக்கம். நாங்கள் கிளம்பும்போது அபாங்கின் பேத்தி என்னிடம் வந்தாள். புதுச் சட்டை, கையில் இன்னும் கேக் பிசுபிசுப்பு. என் கையை எடுத்து நெற்றியில் வைத்தாள். அது மற்றப் பிள்ளைகளும் செய்ததுதான். பிறகு அவள் நிமிர்ந்து, தாத்தாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி மலாயில் சொன்னாள்.

"ஆன்ட்டி, எங்க பசங்க கல்லால அடிச்சதுக்கு மன்னிச்சிடுங்க. நாய்கிட்டயும் சொல்லிடுங்க."

என் கை அவள் கைக்குள் இருந்தது. என் புருஷன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அபாங் பத்தடி தூரத்தில் சிரித்துக்கொண்டு நின்றார். சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கில் இருந்தது. மன்னிப்புக் கேட்பதற்கென்றே உள்ள நாளில், கேட்க வேண்டியவள் நான்.

"தாக் அப்பா, சாயாங்," என்றேன். பரவாயில்லை, கண்ணு. அவள் தலையைத் தடவிக்கொடுத்து, நான் அவளை மன்னித்தேன்.